விடியற்காலையில் குட்டைக்கரைக்குப் போங்கள்

(உழவர் தின விழாவில் பண்ணைக்குட்டை மீன் வளர்ப்புப் பற்றி ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் நெல்லைப் பற்றியும் உளுந்தைப் பற்றியும் சொன்னார்கள். நெல்லில் ஒரு வசதி உண்டு. பயிருக்குக் குறை வந்தால் இலை சொல்லிவிடும். வரப்பில் நின்றபடியே கண்டுகொள்ளலாம். மீன் அப்படியில்லை. அது தண்ணீருக்குள் இருப்பதால், நாம் போட்ட பணம் வளர்கிறதா கரைகிறதா என்று கண்ணால் பார்க்க முடிவதில்லை. மீன் கூட்டமாக மேலே வந்து கண்ணில் படுகிற நாள்தான் பெரும்பாலும் கெட்ட நாள். அந்த நாளைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று, உங்களிடம் 25 சென்ட் குட்டை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் ஆள் மார்பளவு, அதாவது ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் ஆழம், வருடத்தில் எட்டு மாதமாவது நிற்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் குட்டை வற்றினால் வருத்தப்படாதீர்கள். அடித்தரை பாளம்பாளமாக வெடிக்கும்வரை காயட்டும். கறுத்து நாறுகிற சேற்றை வெட்டி வயலுக்குக் கொண்டுபோங்கள். வண்டல் அடித்த வயல் எப்படி விளையும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு சுண்ணாம்பு 20 முதல் 25 கிலோ வரை தரையெங்கும் தூவுங்கள். மண் மிகவும் புளிப்பாக இருந்தால் இன்னும் கூடத் தேவைப்படும். மண் பரிசோதனை செய்து கொண்டால் ஐயமில்லை.

வற்றாத குட்டையாக இருந்தால், அதில் ஏற்கெனவே குடியிருக்கிற விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாவற்றையும் முதலில் அகற்றியாக வேண்டும். இழுவலை போட்டால் பாதிதான் வரும். மீதிக்கு இலுப்பைப் பிண்ணாக்கு இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள 25 சென்ட் குட்டைக்கு 250 கிலோ தேவை. ஊறவைத்துக் கரைத்துப் பரவலாகத் தெளித்தால் சில மணி நேரத்தில் மீன்கள் மயங்கி மேலே வரும். அதன் நஞ்சு இரண்டு, மூன்று வாரத்தில் தணிந்து, பிண்ணாக்கு எருவாக மாறிவிடும். பூச்சிமருந்தைக் கரைத்து மீன் பிடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த மீனை உண்ணக் கூடாது. அந்தத் தண்ணீர் ஆடுமாட்டுக்கும் ஆகாது.

அடுத்தது எரு. குஞ்சு விடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் பச்சைச் சாணம் 200 கிலோ கரைத்து ஊற்றுங்கள். இலுப்பைப் பிண்ணாக்கு போட்டிருந்தால் அதில் பாதி போதும். சாணத்தை மீன் தின்று வளர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். சாணம் கரைந்தால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகும். அவற்றைத் தின்று சிற்றுயிர்கள் பெருகும். இவை இரண்டும்தான் மீனுக்கு இயற்கை உணவு. தண்ணீர் இளம்பச்சையாகவோ பழுப்புப் பச்சையாகவோ மாறுவது இதனால்தான். இந்த நுண்பாசி நமக்கு நண்பன். ஒரு எல்லை வரை. அந்த எல்லைக்குப் பிறகு வருகிறேன்.

எந்த மீன் விடுவது? கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடித்தரையில் மேயும். ஒன்றின் உணவை மற்றொன்று அதிகம் தொடாது. இவை மூன்றும் வடக்கே கங்கை போன்ற பேராறுகளின் மீன்கள். நம் காவிரிக்கு வந்து குடியேறியவை. ஆற்றின் புதுவெள்ளத்தில் முட்டையிடும் சாதி ஆனதால் குட்டையில் தாமாக இனம் பெருக்குவதில்லை. அந்த நாளில் ஆற்றில் குஞ்சு அரித்துக்கொண்டுவந்துதான் வளர்த்தார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவில் அங்குல் என்னும் ஊரில் டாக்டர் ஹிராலால் சௌத்ரி அவர்கள், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். இன்று நீங்கள் பண்ணையில் பணம் கொடுத்துப் பாலித்தீன் பையில் குஞ்சு வாங்கிவருவதற்கு அன்று செய்த அந்தக் காரியமே காரணம். அதன் நினைவாகத்தான் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இவை குட்டையில் குட்டி போடாது என்பது குறையல்ல, நமக்குப் பெரிய வசதி. நீங்கள் 500 விட்டால் 500க்குள்தான் இருக்கும். கூட்டம் பெருகாது. ஜிலேபியைப் பாருங்கள். 1952இல் நம் நாட்டுக்கு வந்த மீன் அது. இரண்டு, மூன்று மாதத்திலேயே தாயாகி, முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பாற்றி, குட்டை முழுவதும் விரலளவுக் கூட்டமாக நிறைத்துவிடும். போட்ட தீனியெல்லாம் அதற்கே போகும். வலையில் ஆயிரம் மீன் விழும். குழம்புக்கு ஆகும் மீன் பத்து இருக்காது. ஆகவே வாய்க்கால் நீர் நுழையும் இடத்தில் கண் சிறிய நைலான் வலை கட்டாமல் தண்ணீர் விடாதீர்கள். அதையும் தாண்டி நுழைந்துவிட்டால், கெண்டைகள் கால் கிலோவுக்கு மேல் வளர்ந்தபிறகு பத்து, பதினைந்து சிறு விரால்களை விடலாம். பெரிய கெண்டையை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஜிலேபிக் குஞ்சுகளைக் கணக்காகத் தீர்த்துவைக்கும். வீட்டுப் பிள்ளைகள் கையில் தூண்டிலைக் கொடுப்பதும் நல்ல வழிதான்.

மேம்படுத்தப்பட்ட கிப்ட் திலேப்பியா என்பது வேறு. அதை அரசு அனுமதி பெற்றே வளர்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன். யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நம் 25 சென்ட் குட்டைக்கு, காற்றுப் புகுத்தும் இயந்திரம் இல்லாத நிலையில், 500 குஞ்சு போதும். கட்லா 150, ரோகு 150, மிர்கால் 100, புல்கெண்டை 50, சாதாக்கெண்டை 50 என்று விடலாம். புல்கெண்டை வேலம்பாசி போன்ற நீர்க்களைகளைத் தின்றுவிடும். களை இல்லையென்றால் நேப்பியர் புல்லை நறுக்கிப் போட வேண்டும். ஆகாயத் தாமரையை அது விரும்புவதில்லை. அதை நீங்களே இறங்கிப் பிடுங்க வேண்டியதுதான். சாதாக்கெண்டை சேற்றைக் கிளறிக் கரையைக் குடையும். மண்கரை இளகியதாக இருந்தால் அதை விட்டுவிட்டு மிர்காலைக் கூட்டிக்கொள்ளுங்கள். குஞ்சு விரல் நீளத்துக்குக் குறையக் கூடாது. வாங்கிவந்த பையை அப்படியே குட்டையில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டு, குஞ்சு தானாக நீந்தி வெளியேறும்படி செய்யுங்கள். கொட்டினால் பாதி போய்விடும்.

இந்த 500 என்ற எண்ணைச் சொன்னவுடன் பெரும்பாலானவர்கள் முகம் வாடுகிறது. "இவ்வளவு பெரிய குட்டைக்கு ஐந்நூறுதானா? ஆயிரம் விட்டால் இரண்டு மடங்கு கிடைக்குமே" என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு இணங்கியவன்தான். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் தமக்கையார் வீட்டில் 25 சென்ட்டில் ஒரு குட்டை இருந்தது. 2011ஆம் ஆண்டு மாசியில் குஞ்சு விடும்போது அத்தான் என்னைக் கேட்டார். "மாப்பிள்ளை, போர் இருக்கு, மோட்டார் இருக்கு. எப்ப வேணும்னாலும் தண்ணி விடலாம். ஆயிரத்து ஐந்நூறு விடட்டுமா?" நான் படித்தவன், விரிவாக்கப் பணியில் இருப்பவன். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொந்தக்காரர் ஆசைப்படுகிறாரே என்று, "ஆயிரத்து இருநூறு விடுங்கள், தீனியை நன்றாகக் கொடுத்தால் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டேன்.

வந்தது. ஐப்பசியில் வலை போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு மீனும் அரைக் கிலோவைத் தாண்டியிருந்தது. தை பிறந்ததும் விற்று, மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவது என்று முடிவு செய்திருந்தார்கள். கார்த்திகையில் நான்கு நாள் வானம் மூடிக்கொண்டது. வெயிலே இல்லை. மழையும் விட்டுவிட்டுப் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் குட்டைக்குப் போன அத்தானின் தாயார், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, "மழைத்தண்ணி பட்டதும் மீனுக்குக் கொண்டாட்டம், விளையாடுது" என்று வந்து சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அன்று வழக்கம்போலத் தீனியும் போட்டு, வாராந்திரச் சாணத்தையும் கரைத்து ஊற்றினார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எனக்குத் தொலைபேசி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் போர் மோட்டாரைப் போட்டு, குழாயின் வாயைக் குட்டைக்குள் அமிழ்த்தி விட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. பயனில்லை. கட்லா அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தது. ரோகுவிலும் பெரியவை எல்லாம் போய்விட்டன. சிறியவை கொஞ்சமும் சாதாக்கெண்டையும் மட்டும் தப்பின. எழுநூற்றுக்கு மேல் எண்ணிக் குழி வெட்டிப் புதைத்தோம். அத்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆண்டுக் கட்டணத்துக்குத் தமக்கையாரின் வளையல் அடகுக்குப் போனது.

என்ன நடந்தது என்று பார்ப்போம். மீனும் நம்மைப் போலப் பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை மட்டுமே அதனால் பயன்படுத்த முடியும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் பிடித்துவைக்கும். கெண்டைகளுக்கு 5 இருந்தால் நல்லது. 3க்குக் கீழே போனால் தவிப்பு. பகலில் நுண்பாசி வெயிலைக்கொண்டு பிராணவாயுவைத் தண்ணீருக்குள் விடுகிறது. இரவானால் அந்த வேலை நின்றுவிடும். அதோடு பாசியும் மீனும் அடிச்சேறும் எல்லாமே பிராணவாயுவைச் செலவு செய்ய ஆரம்பிக்கும். மாலையில் நிறைந்திருக்கும் கலம் இரவெல்லாம் குறைந்து குறைந்து, சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்துக்கு வரும். மூட்டமான நாளில் பகல் வரவும் இல்லை. மூன்று, நான்கு நாள் தொடர்ந்து வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் எந்த வீடு தாங்கும்? அதற்கு மேல் சாணத்தையும் தின்னாத தீனியையும் போட்டால், அவை மக்குவதற்கும் பிராணவாயுதான் செலவாகிறது.

எங்கள் வீட்டார் பார்த்த அந்த "விளையாட்டு", மீன் மூச்சுக்குத் தவித்ததுதான். அடையாளம் கண்டுகொள்வது எளிது. கரையில் நின்று கையைத் தட்டுங்கள். நலமாக இருக்கும் மீன் சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும், உடனே திரும்பாது. தவிக்கும் மீன் போகாது. போனாலும் உடனே மேலே வந்துவிடும். நத்தைகள் தண்ணீரை விட்டுக் கரையேறியிருக்கும். இறால் இருந்தால் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். வெயில் ஏறி எட்டு மணி ஆகிவிட்டால் இந்த அடையாளமெல்லாம் மறைந்துவிடும். பத்து மணிக்குத் தீனி வாளியோடு போகிறவருக்கு எதுவும் தெரியாது. ஆகவேதான், வாரத்தில் இரண்டு நாளாவது, மூட்டமான நாட்களில் தவறாமலும், விடியுமுன் குட்டைக்கரைக்குப் போங்கள் என்கிறேன். அந்த நேரத்துக் குட்டைதான் அது எத்தனை மீனைத் தாங்கும் என்று உங்களுக்குக் காட்டும். நான் சொல்லும் 500கூட உங்கள் குட்டைக்கு அதிகமாக இருக்கலாம்.

தவிப்பைக் கண்டால் தீனியையும் எருவையும் அன்றே நிறுத்துங்கள். மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் இறந்துவிடாது. அடுத்துத் தண்ணீரைக் காற்றோடு கலக்க வேண்டும். இங்கேதான் எங்கள் அத்தான் செய்த தவறு பலருக்கும் நேர்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டால் மூச்சில்லாத தண்ணீரோடு மூச்சில்லாத தண்ணீர் சேர்கிறது, அவ்வளவுதான். குழாயை உயரத் தூக்கிக் கட்டி, பலகை மீதோ கருங்கல் மீதோ அடித்துச் சிதறி விழும்படி செய்யுங்கள். போர் இல்லாதவர்கள் குட்டைத் தண்ணீரையே டீசல் இஞ்சின் மூலம் மேல்மட்டத்திலிருந்து உறிஞ்சி, அதே குட்டையில் மழைபோல் பீய்ச்சலாம். அடிச்சேற்றைக் கலக்கிவிடாதீர்கள். மூட்டம் தொடர்ந்தால் இரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை ஓடட்டும். மின்சாரம் எப்போது போகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே டீசல் ஒரு கேன் எப்போதும் இருக்கட்டும். ஒன்றுமே இல்லாதபோது நாலு பேர் மூங்கில் கழியால் தண்ணீரை அடித்தால்கூட ஓரளவு பயனுண்டு.

இந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. வெயிலடிக்கும் முற்பகலில் குட்டையில் இறங்கி, கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. முழங்கைக்கு மேல் போயும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் எரு இடலாம். மணிக்கட்டைச் சற்றுத் தாண்டியதுமே உள்ளங்கை மறைந்தால் எல்லை மீறிவிட்டது. பச்சை வர்ணம் கொட்டியதுபோல் மேலே ஆடை படிந்தாலும் அப்படித்தான். எருவை நிறுத்தி, தீனியைப் பாதியாக்கி, முடிந்தால் கால்பங்கு தண்ணீரை வடித்துப் புதுத்தண்ணீர் விடுங்கள். வடித்த நீர் வயலுக்கு நல்ல உரம். சேறு கலங்கி மறைத்தால் அது வேறு. நான் சொல்வது பச்சை நிறத்துக்கு. மாதம் 100 கிலோ சாணம் என்று புத்தகங்களில் இருக்கும். அதை வாரம் 25 கிலோவாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் பார்த்தபின் ஊற்றுங்கள்.

தீனி விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் கலந்து, பிசைந்து, துளையிட்ட சாக்குப் பைகளில் கட்டி, கழியில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை நிறுத்துச் சராசரி எடை பாருங்கள். மொத்த எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 கிலோ தினத் தீனி. மீன் நூறு கிராம் இருக்கும்போது 500 மீனுக்கு ஒன்றரைக் கிலோ ஆகும்; அரைக் கிலோ ஆனபோது ஐந்து கிலோ வரை போகும். மாலையில் பையில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறைத்துவிடுங்கள்.

பாலித்தீன் விரித்த குட்டைகள் இப்போது பெருகியிருக்கின்றன. தண்ணீர் இறங்காது என்பது நல்லதுதான். அடியில் ஒரு சாண் கனத்துக்கு வயல்மண் பரப்பினால்தான் எரு வேலை செய்யும், மிர்காலுக்கும் மேய்ச்சல் கிடைக்கும். அதைவிட முக்கியமான ஒன்று: அந்தச் சரிவு வழுக்கும். தவறி விழுந்தவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் ஏறிவர முடியாது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கனத்த கயிறு கரையிலிருந்து தண்ணீருக்குள் தொங்கட்டும், சுற்றிலும் வேலி இருக்கட்டும். மீன் போனால் அடுத்த ஆண்டு விட்டுக்கொள்ளலாம்.

பக்கத்து வயலில் மருந்தடித்தால் அந்த வடிநீர் குட்டைக்குள் வராதபடி கரையை உயர்த்துங்கள். தெளிப்பானைக் குட்டையில் கழுவுவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். மருந்தால் சாகும்போது பெரியது சிறியது என்ற வேறுபாடு பெரும்பாலும் இராது. எந்த நேரத்திலும் சாகும். விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில் செத்தால் பிராணவாயுக் குறைவு என்று ஐயப்படுங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் அக்கம்பக்கத்தாரோடு வழக்குக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறுவடையை ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏழு, எட்டு மாதம் ஆனதும், முக்கால் கிலோவைத் தொட்ட மீன்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலைபோட்டு எடுத்து, உயிரோடு கரையிலேயே விற்றுவிடுங்கள். நல்ல விலை கிடைக்கும். எடுக்க எடுக்க மிச்சமிருப்பவற்றுக்கு இடமும் மூச்சும் கூடும், அவை விரைந்து வளரும். கட்லா வலைக்கு எளிதில் வரும். மிர்கால் சேற்றில் படுத்துக்கொள்ளும். அதற்குக் கடைசியில் தண்ணீரை வடித்துத்தான் ஆக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்துவிடுங்கள். கார்த்திகை மூட்டத்தில் குட்டை இளைப்பாக இருக்க வேண்டும்.

எங்கள் அத்தான் மறு ஆண்டு மறுபடியும் குஞ்சு விட்டார். என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய் எண்ணிப் பார்த்தேன், 450 வாங்கியிருந்தார். ஐம்பது ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "நீ சொன்னதுல கொஞ்சம் கழிச்சேன் மாப்பிள்ளை" என்றார். அந்தக் குட்டையில் இன்றும் மீன் இருக்கிறது. அவருடைய தாயார் இருந்தவரை மழைக்காலத்தில் தினமும் நாலரை மணிக்குக் கைவிளக்கோடு கரைக்குப் போய்க் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார்.

குட்டை வைத்திருப்பவர்கள் உங்கள் தண்ணீரில் ஒரு பாட்டிலும் மண்ணில் ஒரு கைப்பிடியும் கொண்டுவந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.